கல்தாத்தாவுக்குச் சர்க்கரை வியாதி

கொரியாவின் ஜேஜு தீவில் எங்கள் ஊருக்குப் பேக் என்ற சாமியார் வந்த அன்றே சர்க்கரை வியாதி ஒழிந்துவிட்டதாக ஊரே துள்ளியது. மலைக்குகையில் தவமிருந்து கண்டுபிடித்த மருந்து ஒட்டுப்பட்டியாம். உள்ளங்காலில் ஒட்டினால் உடம்புச் சர்க்கரையெல்லாம் அதில் இறங்கிவிடுமாம். ஒரு பெட்டி, ஒரு கறுப்புப் பன்றிக்குட்டியின் விலை. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் கழிப்பறைக் காகிதச் சுருள் இலவசம். ஊசி போடுகிற டாக்டர் இதெல்லாம் தருவாரா? நானும் போய் ஒரு சுருள் வாங்கிக்கொண்டேன்.

ஒட்டிய பட்டியை உரித்து முற்றத்தில் வைப்பார் சாமியார். கொஞ்ச நேரத்தில் எறும்பு மொய்க்கும். "பாத்தீங்களா? உங்க சர்க்கரை வெளிய வந்திருச்சு!" என்பார். எறும்பே சாட்சி சொன்ன பிறகு அப்பீல் ஏது? கூட்டம் கைதட்டும்.

எங்கள் தெரு பியோங்சு பெட்டி பெட்டியாக வாங்கிவிட்டான். அவன் அப்பா கோ தால்போங்குக்குச் சர்க்கரையோடு மறதி நோயும் உண்டு. சாப்பிட்டு வாய் துடைத்த கையோடு, "எனக்கு யாருமே சோறு போடல" என்று அழுவார். மகள் மிர்யே சின்னக் கிண்ணத்தில் பாதிப் பாதியாகப் போடுவாள். அவர் விழுங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இன்சுலின் போடுவாள். ஊசி குத்தியதும் "கொசு!" என்று அவள் கையிலேயே ஒன்று வைப்பார்.

"ஊசிய நிறுத்து மிர்யே. ஊசி போட்டா பட்டி வேலை செய்யாதாம், சாமி சொல்லிட்டாரு."

"நிறுத்தினா அப்பா போய்ச் சேர்ந்துருவாருண்ணே! உன் சாமியா வந்து தூக்குவாரு?"

சண்டை முற்றி, அப்பாவோடு இருவரும் சாமியாரிடமே வந்தார்கள். சாமியார் பட்டியோடு குனிந்தார். கிழவர் காலை இழுத்துக்கொண்டு, வாசலில் நின்ற எரிமலைக்கல் சிலையைக் காட்டினார். எங்கள் ஊர்க் கல்தாத்தா, முட்டைக்கண், குண்டு மூக்கு.

"மொதல்ல என் சிநேகிதனுக்குப் போடு. பாவம், நின்னுக்கிட்டே இருக்கான்."

மிர்யேயின் கண் மின்னியது. "சரிப்பா, அவருக்கே மொதல்ல." புதுப் பட்டி ஒன்றைப் பிரித்துச் சிலையின் தொப்பையில் ஒட்டினாள்.

"ஏம்மா, கல்லுல ஏது சர்க்கரை?" சாமியார் பதறினார்.

"அப்போ எறும்பு வராதுல்ல? ஏன் பயப்படுறீங்க?"

வந்தது. வரிசை கட்டி, தொப்பை மேல் ஏறி வந்தது.

"அய்யய்யோ! கல்தாத்தாவுக்கும் சர்க்கரையா!" என்று ஒரு அம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். சாமியார் கப்பென்று பிடித்துக்கொண்டார்: "ஆமா! ரொம்ப நாளா உள்ளயே இருந்திருக்கு!" நாலு பேர் தலையாட்டினார்களே, அதை எங்கே போய்ச் சொல்ல!

அதற்குள் கிழவர் பெட்டியிலிருந்து ஒரு புதுப் பட்டியை எடுத்து நக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "மிட்டாய்! இன்னொண்ணு குடு."

மிர்யே பாய்ந்து அதைப் பிடுங்கி, தானும் நுனிநாக்கில் வைத்துப் பார்த்தாள். "சீனிப்பாகு! எங்கப்பா ஊசிய நிறுத்திட்டு இதையா ஒட்டச் சொன்னீங்க?"

கூட்டமே ஆளுக்கொன்று பிரித்து நக்கியது. நானும்தான். நல்ல ருசி. நிமிர்ந்து பார்த்தால் சாமியாரின் வண்டி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு பியோங்சுவே ஊசியைக் கேட்டு வாங்கிப் போட்டான். "கொசு!" என்று அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று விழுந்தது. பட்டி வாங்கிய எல்லோருக்கும் சேர்த்துத்தான் கிழவர் கொடுத்தார் என்பது என் எண்ணம்.

எறும்புகூட மோந்து பார்த்துவிட்டுத்தான் வாய் வைக்கிறது. உங்களுக்கும் மூக்கு இருக்கிறது, அதற்கு மேலே மூளையும் இருக்கிறது. கொஞ்சம் உபயோகியுங்களேன் ஐயா!