நூற்று நாற்பத்தொரு பட்டதாரிகள்

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளைக்கு,

உங்கள் மைத்துனன் எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் உங்கள் மகளும் சௌக்கியம். அங்கே நீங்களும் என் தங்கச்சியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்பது எனக்கு முன்பே தெரியும். அது மட்டுமா, பள்ளிக்கூடத்தில் நடந்தது அத்தனையும் எனக்கு முன்பே தெரியும். அந்த ஃபாரம் வந்த அன்றைக்கே, 'இது எங்கேயோ போய் முட்டப் போகுது பாரு' என்று என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். தன் காதில் விழவில்லை என்கிறாள். அவள் காதுக்கு நான் பொறுப்பாக முடியுமா?

நீங்கள் போனில் சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்தக் கடிதத்தை என் பூட்டு ரிப்பேர் கடையில் நின்றுகொண்டே எழுதுகிறேன். உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன், எழுந்தால் வாசலுக்குப் போய்விடுகிறேன். ஒருவர் தகரப் பெட்டியோடு வந்து அரைமணி நேரமாகக் காத்திருக்கிறார், சாவி தொலைந்துவிட்டதாம். என் மாப்பிள்ளை மனசைத் திறந்துவிட்டு அப்புறம் உங்கள் பெட்டியைத் திறக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நீங்கள் சனிக்கிழமை பஸ்ஸில் வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் ஹாஸ்டல் உள்ள தனியார் பள்ளியில் சேர்க்கப் போவதாகச் சொன்னீர்கள். காரணம் இரண்டு சொன்னீர்கள். ஒன்று, எங்கள் அரசாங்க உயர்நிலைப் பள்ளியை மூடப் போகிறார்கள். இரண்டு, 'அங்க சேர்ந்து ரெண்டு வருஷமாச்சு, பொண்ணு வாயே திறக்க மாட்டேங்கறா.' மாப்பிள்ளை, பஸ் ஏறுவதற்கு முன் தயவு செய்து இதைக் கடைசி வரை படியுங்கள்.

பள்ளிக்கும் எனக்கும் எப்படித் தொடர்பு என்று உங்களுக்குத் தெரியும். தலைமையாசிரியை அறைப் பூட்டு சிக்கிக்கொண்டதென்று திறக்கப் போனேன், திரும்பி வரும்போது பெற்றோர் சங்கத் தலைவராக வந்தேன். அப்படி ஒரு கைராசி. அந்த நேரம் பார்த்து மேலிடத்திலிருந்து ஃபாரம் வந்தது. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். ஒவ்வொரு வீட்டிலும் என்ன மொழி பேசுகிறார்கள், அப்பா அம்மா என்ன வேலை, எவ்வளவு படித்தவர்கள், பிள்ளை எவ்வளவு தூரம் நடந்து வருகிறது, எத்தனை முறை பள்ளி மாறியது என்று கட்டம் கட்டமாகக் கேள்வி. ஆசிரியர்கள் பரீட்சை வேலையில் இருந்ததால் பெரிய டீச்சர் என்னைக் கேட்டார்கள். 'நாலு நாள்ல முடிச்சுக் குடுக்கறேன் டீச்சர்' என்றேன். மூன்றே நாளில் முடித்தேன். (நாள் கணக்கில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.)

வீடு வீடாகப் போனேன் மாப்பிள்ளை. கட்டட வேலைக்காக வந்து தகரக் கொட்டகையில் இருப்பவர்கள், வாடகை உயர உயர வீடு மாறுகிறவர்கள், வீட்டில் ஒரு மொழியும் தெருவில் ஒரு மொழியும் பேசுகிறவர்கள். மொழியை டாண் டாண் என்று சொன்னார்கள். தூரத்தைக் கூட்டியே சொன்னார்கள். படிப்பு என்று கேட்டதும் எல்லார் தலையும் குனிந்தது. லாரி கிளீனர் சம்சாரம் என்னைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, நான் பள்ளிக்கூடப் பக்கமே போனதில்ல. அத எழுதாதீங்கண்ணே, எம் பையன் பாத்துடுவான்" என்றாள். நான் பூஜ்யம் போடுகிற ஆளா? பன்னிரண்டாம் வகுப்பு என்று போட்டேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் எனக்குக் கை நிற்கவில்லை. குழாய் பொருத்துகிறவரைப் பொறியியல் படிப்பில் சேர்த்தேன். முடி வெட்டுகிறவருக்கு பி.ஏ. கொத்தனார் ஒருத்தர் மட்டும், "எனக்கு டிகிரில்லாம் வேணாம் சார், பக்கத்து வீட்டுக்காரனுக்கு என்ன போட்டீங்களோ அதவிட ஒண்ணு கூடப் போடுங்க" என்றார். பக்கத்து வீட்டுக்கு பி.ஏ. போட்டிருந்தேன், அதனால் இவர் எம்.ஏ. ஆகிவிட்டார். உங்கள் மகளுக்கு இங்கே காப்பாளர் என்ற முறையில் நானும் ஒரு கட்டத்தில் வந்தேன். தலைவர் கொத்தனாரை விடக் குறைவாக இருக்கலாமா? எம்.ஏ. என்று போட்டுக்கொண்டேன்.

இதற்கிடையில் பரீட்சை முடிவு வந்தது. நூற்றுக்கு ஐம்பத்தெட்டு பேர் தேர்ச்சி. எனக்கு அது நல்ல நம்பராகத்தான் பட்டது. போன வாரம் மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு அதற்கு மேலே பார்க்கிற ஆள். பெற்றோர் எல்லோரையும் பிள்ளைகளோடு ஹாலில் உட்கார வைத்தார். என் ஃபாரத்தைக் கையில் தூக்கிப் பிடித்து, "இந்தப் பள்ளியில நூத்தி நாப்பத்தோரு வீட்டுல பட்டதாரி இருக்காங்க. இவ்வளவு படிச்ச வீட்டுப் பிள்ளைங்கள்ல நூத்துக்கு நாப்பத்திரெண்டு பேர் ஃபெயில்னா, டீச்சருங்க தூங்குறாங்கன்னு அர்த்தம். இதுக்கு ஒரு பள்ளி எதுக்கு? பக்கத்துப் பள்ளியோட சேத்துடலாம்" என்றார். பக்கத்துப் பள்ளி ஆறு மைல் தள்ளி இருக்கிறது. கணக்கு டீச்சர் முந்தானையால் மூக்கைத் துடைத்தார். பெரிய டீச்சர் என்னைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை, ஆயிரம் பூட்டை உடைத்திருக்கிறேன், அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததில்லை. அதாவது படிக்காத வீட்டுப் பிள்ளைகளில் ஐம்பத்தெட்டு பேர் தேறினால் பள்ளிக்குப் பெருமை, பட்டதாரி வீட்டுப் பிள்ளைகளில் அத்தனை பேர் மட்டும் தேறினால் பள்ளிக்கு அவமானம். இந்தச் சங்கதியை யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் என் எம்.ஏ.வை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டிருப்பேன்.

"படிப்பு தப்பா எழுதியிருந்தா எழுந்து சொல்லுங்க" என்றார் அதிகாரி. ஒருவர் அசையவில்லை. பக்கத்து வீட்டுக்காரனுக்கு எதிரே எவன் எழுவான்? அப்போது நான் எழுந்தேன் மாப்பிள்ளை. "சார், நான் அஞ்சாவதுதான். ஃபாரத்துல எம்.ஏ.ன்னு இருக்கறது பொய். எங்க வீட்டுப் பொண்ணுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் குடுக்க எனக்குத் தெரியாது. அவ கணக்குல எழுபத்திரெண்டு எடுத்தது இதோ நிக்கறாங்களே இந்த டீச்சராலதான்" என்றேன். பிறகு லாரி கிளீனர் சம்சாரம் எழுந்தாள். "நான் பள்ளிக்கூடமே போனதில்ல சார்." அவள் மகன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அப்புறம் குழாய்க்காரர், முடிவெட்டுகிறவர். கொத்தனார் மட்டும், "எல்லாரும் எழுந்தப்புறம் நான் எழறேன்" என்று பார்த்துக்கொண்டிருந்து எழுந்தார். அதிகாரி அங்கேயே உட்கார்ந்து மறுபடி கணக்குப் போட்டார். நூற்று அறுபத்து மூன்று வீடுகளில் எட்டாவதைத் தாண்டியவர் யாருமில்லை. "இந்த மாதிரி வீட்டுப் பிள்ளைங்க படிக்கற இடத்துல நாப்பத்தஞ்சு வந்தாலே பெருசு. நீங்க ஐம்பத்தெட்டு கொண்டு வந்திருக்கீங்க" என்று பெரிய டீச்சரின் கையைக் குலுக்கினார். பள்ளியை மூடவில்லை. இன்னொரு கணக்கு டீச்சரும் வருகிறார்கள். ஆக உங்கள் முதல் காரணம் போய்விட்டது. பிள்ளையை இங்கேயே விட்டு வையுங்கள். அடுத்த வருடம் பொதுத்தேர்வு. இந்த நேரத்தில் இடம் மாற்றினால் எழுபத்திரண்டு என்னாகும்?

தங்கச்சிக்கு என் ஆசியைச் சொல்லுங்கள். உங்களுக்கு நான் ஆசி சொல்லும் வயதில்லை என்பதால் வணக்கம் மட்டும். எல்லா நலமும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டாமலே உள்ளே வரட்டும். பூட்டு சரியில்லை என்றால் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஐந்தாம் வகுப்பும் அனுபவமும் உள்ள உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்திருக்கிறேன். பெட்டிக்காரர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். உங்கள் இரண்டாவது காரணத்துக்கு நான் பதில் எழுதவில்லை என்று இப்போதுதான் உறைத்தது. பதில் எழுதினால் என் கதை கெடும், எழுதாவிட்டால் சனிக்கிழமை நீங்கள் வந்துவிடுவீர்கள். கெடட்டும். முதலில் எழுந்தது நான் இல்லை மாப்பிள்ளை. அந்த நேரம் நான் நாற்காலிக்கு அடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன், செருப்பு காலிலேயே இருந்தது. எழுந்தது உங்கள் மகள். மேலே நான் பேசியதாக எழுதியதெல்லாம் அவள் பேசியது; 'எங்க மாமா அஞ்சாவதுதான்' என்று அவள் சொன்னதை 'நான்' என்று மாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான். இருநூறு குடும்பத்துக்கு எதிரே, அதிகாரியின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். நான் கொத்தனாருக்கும் அப்புறம்தான் எழுந்தேன். இனிமேல் அவள் வாய் திறப்பதில்லை என்று சொல்லாதீர்கள். அன்றைக்கு அந்த ஹாலில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவன் நான்.