ஒன்பதாவது குழிக்குப் போன கல்யாண லோரி

நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாக மனிதகுலம் செய்த மகத்தான காரியம், 1988-இல் ரிங்லெட் பக்கத்தில் எங்கள் தேயிலை எஸ்டேட் ஆபிசுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கியதுதான். ஆபிசில் கணக்கெழுதும் கிராணியான நான் அதற்குத் தினமும் சாம்பிராணி போட்டவன். ஆகவே என் சாட்சி செல்லும்.

வீட்டுக் கம்ப்யூட்டர்தான். ஆனாலும் ஒரே நேரத்தில் பல வேலை பார்க்கும். ஒரு பக்கம் எஸ்டேட் லோரியை யாருக்கு, எங்கே அனுப்புவது என்ற 'போக்குவரத்து நிர்வாகம்'. மறுபக்கம் எஸ்டேட் மேனேஜர் துரை ராதாகிருஷ்ணன் திரையிலேயே கோல்ப் ஆடுவார். இதற்கு 'நிர்வாகப் பயிற்சி' என்று பெயர்.

கொழுந்து பறிக்கும் அம்மாக்கண்ணு வந்தாள். மகள் திலகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை பிரிஞ்சாங் கோயிலில் கல்யாணம்.

"ஐயா, லோரி கெடைக்குமா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஒரு மாதிரி. முகூர்த்தம் தப்புனா திரும்பிப் போயிருவாங்க."

"கம்ப்யூட்டர்ல போட்டாச்சு லா. இனி ஆண்டவனே நெனைச்சாலும் மாத்த முடியாது" என்றேன்.

ஆண்டவன் மாற்றவில்லை. துரை ஆடிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை கம்ப்யூட்டர் அச்சடித்த உத்தரவை டிரைவர் பக்கிரிசாமியிடம் பயபக்தியுடன், படிக்காமல், கொடுத்தேன். அதில் இருந்தது: 'அம்மாக்கண்ணு வீட்டார். காலை ஏழு மணி. கோல்ப் திடல், ஒன்பதாவது குழி.'

"கோயிலுக்கு லா போகணும்" என்று ஞாயிறு காலை பக்கிரிசாமியிடம் அம்மாக்கண்ணு கெஞ்சினாளாம்.

"எனக்கும் தெரியும்க்கா. ஆனா கம்ப்யூட்டர் சொன்னா துரை சொன்ன மாதிரி. போன மாசம் எதுத்துக் கேட்ட கங்காணிய வேற டிவிஷனுக்குத் தூக்கிட்டாங்க. மொதல்ல குழிக்குப் போவோம், அப்புறம் கோயிலுக்குப் போலாம்."

மணப்பெண், மேளம், பாயச அண்டா எல்லாம் புல்தரையில் போய் நின்றன. லோரி ஈர மண்ணில் அச்சுவரை புதைந்தது. அங்கே பந்தைக் குறிபார்த்துக்கொண்டிருந்தவர் சாட்சாத் துரையேதான்.

"என்ன இது?"

"கல்யாணம் துரை. நீங்க அனுப்பிச்ச எடம்" என்றான் பக்கிரிசாமி.

திலகம் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "வாம்மா" என்று கோயிலை நோக்கித் தார் ரோட்டில் ஓடினாள். மேளக்காரர்கள் வாசித்துக்கொண்டே பின்னால் ஓடினார்கள். மாப்பிள்ளை வீட்டார் வேனில் ஏறிக்கொண்டிருந்தபோது கோயில் வாசலைப் பிடித்துவிட்டாள். தாலி ஏறியது. கேள்விப்பட்ட எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

திங்கட்கிழமை 'உயர்மட்ட விசாரணை'. ஈப்போவிலிருந்து நிபுணர் அமிர்தலிங்கம் வந்தார்.

"இந்த மிஷின் நம்ம லயத்து வீடு மாதிரி சார். நடுச்சுவர் கூரை வரைக்கும் கெடையாது. ஒரு புரோகிராம் இன்னொண்ணுகிட்ட செய்திய நேரா குடுக்காது. 'அந்த மூலையில வச்சிருக்கேன், எடுத்துக்க'ன்னு எடத்த மட்டும் சொல்லும். வேகமா நடக்கும். ஆனா அது வந்து எடுக்குறதுக்குள்ள உங்க கோல்ப் சுவரேறிக் குதிச்சு, கோயில அழிச்சிட்டு அதே மூலையில குழின்னு எழுதிருச்சு."

"தடுக்கக் காவல் இல்லையா?" என்றார் துரை.

"இந்த மாடல்ல இல்ல சார். ரெண்டையும் ஒண்ணா ஓட்டாதீங்க. ஒண்ண எடுத்துடணும்."

துரை நெடுநேரம் சிந்தித்தார். நீதியின் பாரம் அவர் நெற்றியில் தெரிந்தது.

"லோரிய எடுத்துடுங்க" என்றார்.

அன்றிலிருந்து லோரி கேட்டு வருபவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: "கம்ப்யூட்டர்ல இல்ல." கல்யாணத்துக்கும் நடக்கிறார்கள், பிரசவத்துக்கும் நடக்கிறார்கள். துரையின் ஆட்டம் ஒருமுறைகூடக் கெட்டதில்லை. எங்கள் எஸ்டேட்டில் பாதுகாப்பு அவ்வளவு பலம்.