மண்டபமும் மச்சானின் கிட்னியும்

திண்டுக்கல் வட்டாரத்தில் அழைப்பில்லாமல் கல்யாணச் சாப்பாடு சாப்பிடப் போனவர்களில் 'மண்டபம்' கையில் ஒரு முறையாவது அகப்படாதவர் கிடையாது. எங்கள் தெருக்காரர். பழனி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேனேஜர். மண்டபமே அவருக்குப் பெயராகிவிட்டது.

பந்தி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். "பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" ஒரே கேள்விதான். பதில் வர அரை விநாடி தாமதித்தால் ஆள் வெளியே. அப்படித் தயங்கிய ஒருவரை ஒருமுறை தோளைப் பிடித்துத் தெருவில் கொண்டுபோய் விட்டார். அவர் பெண்ணின் அப்பா. மகளைப் பிரியும் துக்கத்தில் பாவம், அவருக்குத் தொண்டை அடைத்திருந்தது.

மண்டபத்தின் இரண்டு கிட்னியும் கெட்டுப்போனபோது மதுரை டாக்டர் காரணம் சொன்னார். கிருமிகளைத் தாக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தி, சொந்தக் கிட்னிகளையே அந்நியர் என்று நினைத்துத் தாக்கிவிட்டதாம். கூடப் போன எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மண்டபம் மட்டும் தலையாட்டினார்.

"பொண்ணோட அப்பனையே வெளிய தள்ளிருக்கு. அம்புட்டுத்தான சார்?"

எதற்கும் இருக்கட்டும் என்று டாக்டர் தலைக்கு ஒரு ஸ்கேன் எழுதிக்கொடுத்தார்.

கிட்னி தர முன்வந்தவர் மண்டபத்தின் மச்சான், மனைவியின் அண்ணன். ரெட்டியார்சத்திரத்தில் தக்காளி போடுகிறவர். ரத்தம் பொருந்தியது, சட்டம் பொருந்தவில்லை. நான் ஆயுள் முழுக்க விதிகளோடு குடும்பம் நடத்திய அரசு ஊழியன். மனைவியின் அண்ணன் சட்டத்தின் கண்ணில் நெருங்கிய உறவினர் அல்ல, அனுமதிக் குழு முன்னால் ஆஜராகி அன்பினால் தருவதாகச் சொல்ல வேண்டும் என்றேன். தங்கை மகளுக்குத் தாய்மாமனான தான் உறவில்லை என்றால் வேறு யார் உறவு என்று மச்சான் என்னிடம் சண்டைக்கு வந்தார். பஸ்ஸில் போகும் வழியெல்லாம் அவருக்கு 'அன்பு' என்று சொல்லப் பயிற்சி கொடுத்தேன். ஏன் தருகிறீர்கள் என்று குழுவில் கேட்டார்கள்.

"அன்பெல்லாம் இல்லீங்க. இந்த மனுசங்கூட யாரும் அன்பா இருக்க முடியாது. தங்கச்சி புருசன், அதான் குடுக்குறேன்."

குழு சிரித்துவிட்டு அனுமதி கொடுத்தது. பயிற்சி கொடுத்த எனக்குத்தான் அவமானம்.

ஆபரேஷன் முடிந்தது. வெளியிலிருந்து வந்த கிட்னியை உடம்பு தன்னுடையதென்று ஒருநாளும் ஒப்புக்கொள்ளாது. அதன் எதிர்ப்பை அடக்கி வைக்க ஆயுள் முழுக்க மாத்திரை வேண்டும். மண்டபம் இதைத் தெருவுக்கே விளக்கினார்.

"வாசல்ல நிக்கிறவன மாத்திரை குடுத்து லேசாக் கண்ணசர வெக்கணும். ரொம்பத் தூங்கிட்டான்னா ஊர்க் கிருமியெல்லாம் பந்தியில ஒக்காந்துரும்."

அதனால் முகத்தில் எப்போதும் மாஸ்க். தண்ணீர் குடிக்கும்போது அடிவயிற்றைத் தொட்டு, "குடிங்க மச்சான்" என்பார். எதிர்ப்புச் சக்தி கூடும் என்று யாராவது கஷாயத்தை நீட்டினால், கொலை செய்யப் பார்க்கிறார்கள் என்று கூச்சல் போடுவார்.

அப்புறம் மகள் கல்யாணம் வந்தது. அதே மண்டபம். மேடையில் இருக்க வேண்டிய மனிதர் மாஸ்க்கோடு பந்தி வாசலில் நின்றார். பழக்கம். அழுக்கு வேட்டியோடு வந்த சிலரிடம் எந்த வீடு என்று கேட்டதற்கு, தக்காளி வேனில் வந்தோம் என்றார்கள். தள்ளிவிட்டார். அவர்கள் தாய்மாமன் தோட்டத்து ஆட்கள். மச்சான் சீரை மேடையில் வைத்தார். மருமகளை வாழ்த்தினார். கை நனைக்காமல் ஆட்களோடு வேனில் ஏறிப் போய்விட்டார்.

மன்னிப்புக் கேட்க வேண்டியவர் மண்டபம். அவருக்கு வந்ததோ ரோஷம். தன் வீட்டில் சாப்பிடாதவனின் பொருள் தன் வயிற்றில் எதற்கு என்று முடிவு கட்டி, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். கால் வீங்கி, கிட்னி வடிகட்ட வேண்டிய கிரியாட்டினின் ரத்தத்தில் எகிறிய பிறகுதான் அவர் மனைவி எங்களிடம் அழுதார். உடம்பு கிட்னியைத் தாக்கத் தொடங்கிவிட்டது, உடனே மருந்து ஏற்றினால் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் டாக்டர். மண்டபம் ஊசிக்குக் கை நீட்ட மறுத்தார். சம்மதிக்காத நோயாளிக்கு ஊசி போட விதியில் இடமில்லை. நான் ரெட்டியார்சத்திரத்துக்குப் பஸ் ஏறினேன்.

மச்சான் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். கேட்டதும் மோட்டாரை நிறுத்திவிட்டு அப்படியே கிளம்பினார். நர்ஸ் அவரைக் கை கழுவவைத்து, மாஸ்க் மாட்டித்தான் உள்ளே விட்டார். மண்டபம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கை நனைக்காம போனீகல்ல மச்சான். ஒங்க பொருளு எனக்கெதுக்கு?"

மச்சான் தங்கை கொண்டுவந்திருந்த தூக்குவாளியைத் திறந்தார். அதில் உப்பில்லாத பத்தியச் சோறு. கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பிசைந்தார்.

"பசிக்குது மாப்ள. நீங்க ஊசியப் போட்டுக்கங்க, நான் சாப்புடுறேன்."

ஒரு வாய், இரண்டு வாய் போனது. மண்டபம் சுவரைப் பார்த்தபடியே கையை மட்டும் நர்ஸ் பக்கம் நீட்டினார். ஊசி ஏறியபோது மெல்லச் சொன்னார்.

"வெஞ்சனம் இல்லாம திங்கிறீகளே மச்சான். கேன்டீன்ல ஒரு ஆம்லேட்டாச்சும் சொல்லுங்க."

கிட்னி பிழைத்தது, முழுசாக இல்லை. எத்தனை வருடம் தாங்கும் என்று கேட்டால் டாக்டர் பேச்சை மாற்றுகிறார். மாதா மாதம் ரத்தப் பரிசோதனை முடிவை மண்டபம் என் போனுக்கு அனுப்புகிறார், ஒரு வணக்கம்கூடச் சேர்க்காமல். ஓய்வுபெற்றவனுக்குக் காலையில் நிதானமாகக் காபி குடிக்கும் உரிமை உண்டு. முடிவு வரும் அந்த ஒரு நாளில் மட்டும், கிரியாட்டினின் எண்ணைப் பார்க்கும்வரை எனக்குக் காபி இறங்குவதில்லை.