ராசியான உரமூட்டை

எழுபத்தோரு மணி நேரமாகப் புல்வெட்டும் வண்டி கிளம்பவில்லை. ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி. விளையாட்டுக் கிளப்பிடம் இருப்பது அது ஒன்றுதான். மறுநாள் போட்டி. புல் கணுக்காலைத் தாண்டிவிட்டது.

எழுபத்திரண்டாவது மணியில் எந்திரச் சித்தர் வருகிறார் என்று செயலாளரே அறிவிப்புப் பலகையில் எழுதிவிட்டார். மைதானம் நிரம்பிவிட்டது. சித்தர் லேசுப்பட்டவரல்ல. நடுவில் நின்றுபோன லிஃப்டை முறைத்தே கீழே இறக்கியவர். அதே நிமிடத்தில் மின்சாரம் வந்ததைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கிளப்பில் ரசீது எழுதும் பெண் ஓரமாக நின்றாள். மைதானத்தைப் பார்த்துக்கொள்பவர் அவளுடைய சித்தப்பா. இன்று புல் வெட்டாவிட்டால் அவருக்கு வேலை இல்லை என்று செயலாளர் சொல்லிவிட்டார். மூன்று நாளாகச் சித்தப்பா வண்டியருகே நின்றபடி சாவியைத் திருகித் திருகி விரல் வீங்கிப் போயிருந்தார். பேய் என்ற பேச்சு கிளம்பியதும் காவலாளியும் முயன்றார், ஒரு காலை ஓடத் தயாராக வைத்துக்கொண்டு, கையை மட்டும் நீட்டி. பேயின் மடியில் யார் உட்காருவார்கள்?

சித்தர் வந்தார். காக்கிச் சட்டை, தோளில் அகலத் துண்டு, கழுத்தில் ஸ்பார்க் பிளக் மாலை. வண்டியை மோந்து பார்த்தார்.

"ஆவி இருக்கு."

"எந்த ஆவிங்க?" செயலாளர் ஓரடி பின்வாங்கினார்.

"புல்லோட ஆவி. இத்தனை வருஷம் வெட்டினா சும்மா விடுமா?"

புல்லை மிதித்துக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று நுனிக்காலில் நின்றார்கள்.

சித்தர் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடி முணுமுணுத்து, சாவியைத் திருகினார். வண்டி உறுமியது. காவலாளி கும்பிட்டேவிட்டார். சித்தர் எழுந்தார். வண்டி பொசுக்கென்று நின்றது.

"பாத்தீங்களா? நான் எழுந்ததும் ஆவி திரும்பி வந்துடுச்சு. மைதானத்தைப் பாத்துக்கிற இந்த ஆளோட ராசி சரியில்லை. மாத்துங்க. என் மச்சான் சும்மாதான் இருக்கான்."

செயலாளர் தலையாட்டினார். சித்தப்பா தலை குனிந்தார்.

நான்கு பேர் எதிரே வாய் திறந்து பழக்கமில்லாத பெண் அவள். இருந்தும் கேட்டாள்.

"ஐயா, நின்னுக்கிட்டே கிளப்புங்களேன்?"

"உட்கார்ந்தாதாம்மா சக்தி இறங்கும்."

தான் உட்கார்ந்தால் தன் ராசி என்பார்கள் என்று யோசித்தாள். கிடங்கிலிருந்து உரமூட்டை ஒன்றை இழுத்து வந்தாள். மூட்டைக்கு ராசி கிடையாது. அதை இருக்கையில் வைத்து, கீழே நின்று சாவியைத் திருகினாள். வண்டி உறுமியது. மூட்டையைத் தள்ளினாள். நின்றது.

"என் சக்தி மூட்டைக்குள்ள போயிடுச்சு!" என்றார் சித்தர்.

"அப்ப மூட்டையையே வேலைக்கு வெச்சுக்கலாம். லீவு கேக்காது," என்றார் காவலாளி.

அவள் இருக்கையைத் தூக்கிக் காட்டினாள். "அடியில சுவிட்ச் இருக்கு. மேல எடை இல்லைன்னா வண்டி ஓடாது. ஆள் கீழ விழுந்தா பிளேடு வெட்டிடக் கூடாதுல்ல?"

சித்தர் வேகமாகத் திரும்பி நடந்தார். அவசரத்தில் துண்டு நழுவியது. சட்டையின் முதுகில் பெரிய எழுத்தில்: 'தோட்ட எந்திரங்கள் பழுது பார்க்கப்படும்.'

செயலாளர் தானே ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். உறுமியது. இறங்க மனம் வராமல், சத்தத்துக்கு மேல் சித்தப்பாவைப் பார்த்துக் கத்தினார்.

"உன் வேலை உனக்குத்தான்யா! ஆனா எப்பவும் உட்கார்ந்துதானே கிளப்புவ? இந்த மூணு நாள் ஏன் நின்னே திருகின?"

சித்தப்பா அண்ணன் மகளைப் பார்த்தார். காது சிவக்க, பதிலைச் சுற்றி வளைத்தார்.

"என்ன பேய், யார் ஏவினதுன்னு ஊரே கேட்டுச்சு! இதை ஒருத்தர் கேட்டீங்களா சார்? கொஞ்சம் மூளையைக் கிளப்பியிருந்தா அன்னைக்கே புல்லு வெட்டியிருக்கலாம்!"

"காது கேக்கலை! ஏன்யா உட்காரலை?"

சித்தப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு, மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்:

"பின்னாடி கட்டி சார்!"