ஃபெயில் கிராணியிடம் பாஸான ஒரே ஆள்

என் பிள்ளைகளே, பரீட்சை கஷ்டம், வாத்தியார் கஷ்டம் என்று நீங்கள் சோற்றைப் பிசைந்துகொண்டே புலம்புவதை நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். உங்களைத் திட்டுவதற்குப் பதிலாக ஒரு மனிதரைப் பற்றி எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்தேன். உங்கள் அப்பன் அதிகம் படித்தவன் இல்லை. பிழை இருந்தால் திருத்திக்கொண்டு படியுங்கள்.

ஹுத்தான் மெலிந்தாங் தொடங்கிக் கமுந்திங் வரைக்கும், மலாயாவில் நம் பேராக் மாநிலத்தில் மலேரியா சாய்த்த ஆட்களைவிட ஃபெயில் கிராணி சாய்த்த ஆட்கள் அதிகம். அவரிடம் இங்கிலீஷ் டெஸ்ட்டுக்குப் போய்ப் பாஸானது ஒரே ஒரு ஆள்தான். அது நான் இல்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிறவரைக் கிராணி என்போம். ஈப்போவிலிருந்து கோலா கங்சார் போகிற பாதையில், உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டத்துக்கு அவர்தான் கிராணி. சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அதைச் சொல்லி அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர் வாயில் ஓயாமல் புரண்ட சொல் ஒன்றுதான். அதையே அவருக்கு வைத்துவிட்டோம்.

மனிதர்களை மட்டும் ஃபெயில் ஆக்கினால் பரவாயில்லை. தேத்தண்ணியை ஒரு வாய் குடிப்பார். "ஃபெயில்." காலையில் மழை பிடித்துக்கொண்டால் வானத்தைப் பார்ப்பார். "இந்த மழை ஃபெயில் லா. மரம் நனைஞ்சுபோச்சு, பால் வராது." ஒரு கல்யாணத்துக்கு வந்தவரிடம் பெண் வீட்டார் ஆசையாக, "எப்படிங்க ஐயா இருக்கு?" என்று கேட்டுவிட்டார்கள். "மாப்பிள்ளை ஃபெயில். சாம்பார் தேவல" என்றார். அந்த மாப்பிள்ளை அவரோடு கடைசிவரை பேசவில்லை. சாம்பார் வைத்தவர் மட்டும் எங்கே கண்டாலும் கும்பிடுவார்.

ஜப்பான் சண்டை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வெள்ளைக்காரத் துரை அவரைக் கூப்பிட்டு, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் தொடங்கிவைக்க ஒரு ஆளை டெஸ்ட் வைத்து எடு என்று சொன்னார். சொன்ன துரை ஒரு நாள் விடியற்காலையில் காரில் மூட்டை முடிச்சோடு தெற்கே ஓடிப்போனார். பின்னாலேயே ஜப்பான்காரன் சைக்கிளில் வந்து சேர்ந்தான். பள்ளிக்கூடத்துப் பலகையில் இருந்த இங்கிலீஷ் எழுத்துக்கு மேல் தாரைப் பூசினான். இனிமேல் யார் வாயிலும் இங்கிலீஷ் வரக்கூடாது என்றான்.

ஊரே வாயை மூடிக்கொண்டது. ஃபெயில் கிராணி டெஸ்ட்டைத் தொடங்கினார்.

"ஐயா, இங்கிலீஷே கூடாதுன்னுட்டான். இப்போ போய் டெஸ்ட்டுன்னா?" என்று கேட்டோம்.

"தொரை டீச்சரைத் தேடச் சொன்னாரு. தேடாதேன்னு அவர் இன்னும் சொல்லலையே?"

"அவர்தான் ஓடிட்டாரே ஐயா!"

"அது அவர் ஃபெயில். நான் என்னத்துக்கு ஃபெயில் ஆவணும்?"

இப்படிப்பட்ட ஆளிடம் எதற்குப் போனீர்கள் என்று கேட்பீர்கள். எனக்கு டீச்சராக வேண்டும் என்று ஆசை. அப்பா சாகும்வரை ஈப்போவில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தவன் நான். பிறகு பால்மரம் வெட்டுகிற கத்தியைப் பிடித்தேன். சாக்குக்கட்டியைப் பிடிக்க வேண்டிய கை இது என்று கத்தியைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும். அரிசி இல்லாத, துணி இல்லாத அந்தக் காலத்தில் ஆசை ஒன்றுதான் ரேஷன் இல்லாமல் கிடைத்தது.

டெஸ்ட் எப்படி நடக்கும் தெரியுமா? தாளும் கிடையாது, பேனாவும் கிடையாது. ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற கொட்டகை சும்மா கிடந்தது. அதன் பின்பக்கம்தான் இடம். முதலில் அவர் தன் ஆட்டைக் கூப்பிடுவார். ஆட்டின் கழுத்தில் கயிற்றுக்குப் பதிலாகக் கட்டியிருப்பது அவருடைய பழைய நீல டை. அதை அவிழ்த்து, உதறி, தன் கழுத்தில் கட்டிக்கொள்வார். கீழே கோணிச் சாக்கில் தைத்த கால்சட்டை, மேலே டை. டை அவர் கழுத்தில் இருந்தால் டெஸ்ட் நடக்கிறது என்று அர்த்தம். ஆட்டின் கழுத்தில் இருந்தால் முடிந்துவிட்டது.

அடுத்து ஆ சோ வருவாள். ஆ சோ சீனத்தி. ஈப்போவில் மளிகைக் கடை வைத்திருந்தவள். ஜப்பான்காரன் அவள் புருஷனைக் கூட்டிக்கொண்டு போனவன் திருப்பி அனுப்பவில்லை. அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்துக்குள் ஒதுங்கி, கொட்டகைக்குப் பின்னால் மரவள்ளியும் கங்கோங் கீரையும் போட்டுப் பிழைத்தாள். டெஸ்ட்டுக்கு அவள்தான் பிள்ளை. டீச்சராக ஆசைப்படுகிறவன் இங்கிலீஷில் ஒரு வேலை சொல்ல வேண்டும். முதல் தடவை கையைக் காட்டலாம், நடித்துக் காட்டலாம். இரண்டாவது தடவை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் சொல்ல வேண்டும். ஆ சோ அந்த வேலையைச் செய்துவிட்டால் பாஸ்.

"தமிழ்ப் பிள்ளைன்னா நீ நடுவுல தமிழுக்கு ஓடிப்போயிடுவே. இவ கிட்ட ஓட வழி இல்ல பாரு" என்பார்.

"எப்படிச் சொல்லணும்னு கொஞ்சம் காட்டுங்களேன் ஐயா."

"காட்ட மாட்டேன். நான் டெஸ்ட்டு கிராணி. வாத்தியார் வேற ஆளு."

ஃபெயில் ஆனவனுக்குத் தண்டனை உண்டு. ஆ சோவின் மரவள்ளிக்கு ஒரு பாத்தி வெட்டிக் கொடுக்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் இங்கிலீஷ் வளரவில்லை. மரவள்ளி காடாக வளர்ந்தது.

என் கூட்டாளி முனியாண்டிக்கு இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. மார்பை நிமிர்த்திக்கொண்டு கவர்னர் மாதிரி பேசினான். ஆ சோ தலையைச் சாய்த்து முழுவதும் கேட்டாள். பேசி முடித்ததும் அவன் கையில் எருக்கூடையைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

"நல்லா பேசினே தம்பி. யாருக்குப் பேசினே?" என்று கேட்டார் கிராணி. முனியாண்டி எருக்கூடையோடு பாத்திக்குப் போனான்.

என் முறை வந்தது. 'சிட் டவுன்' சொன்னேன். உட்கார்ந்து காட்டினேன், எழுந்து காட்டினேன், மறுபடியும் உட்கார்ந்தேன். ஆ சோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளே தவிர உட்காரவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மறுபடி சொன்னேன். மெல்ல உட்கார்ந்தாள்! நான் குதித்தேன்.

"குதிக்காதே. அவளுக்கு முட்டி வலி, அதான் உக்கார்ந்தா. பாஸு முட்டிக்கு. நீ ஃபெயில்."

அடுத்த முறை 'பிரிங் வாட்டர்' சொன்னேன். கையைக் காட்டியபோது தண்ணீர் கொண்டுவந்தாள். கையைக் கட்டியபோது மண்வெட்டியைக் கொண்டுவந்து நீட்டினாள். "தா பாஹாம் லா" என்றாள் மலாயில், புரியவில்லையாம். போய்ப் பாத்தி வெட்டினேன். இப்படி எத்தனை முறை போனேனோ, அத்தனை முறையும் கடைசியில் அந்த மண்வெட்டிதான் வந்தது.

சிரித்தது போதும். இனி வருவது சிரிப்பில்லை.

சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், ஆள் வேண்டும் என்று தோட்டத்துக்கு லாரி வந்தது. முதல் லாரியில் முனியாண்டி போனான். லாரி திரும்பி வந்தது. முனியாண்டி வரவில்லை. அவனைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை.

அடுத்த லாரி வந்த காலையில் எங்களை ஆபீஸ் முன்னால் வரிசையாக நிறுத்தினார்கள். கல்யாணம் ஆகாதவர்கள் எல்லோரும் ஏற வேண்டும். நானும் அதில் ஒருவன். இடுப்பில் நீளக் கத்தி தொங்கிய ஜப்பான் அதிகாரியை நாங்கள் கத்தி மாஸ்டர் என்போம். அரைகுறை மலாய் பேசுவான். நிப்போன் பாஷை, அதாவது ஜப்பான் பாஷை, சொல்லிக் கொடுக்கப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு டீச்சர் வேண்டும், அந்த ஒரு ஆள் மட்டும் சயாம் போக வேண்டாம் என்றான். பிறகு கிராணியைப் பார்த்து, "குரு அடா?" என்று கேட்டான். டீச்சர் இருக்கிறானா என்று அர்த்தம்.

கிராணி ஒரு நொடியும் யோசிக்கவில்லை. "தாடா." இல்லையாம்!

நான் கத்தினேன். "ஐயா! நான் இருக்கேனே ஐயா!"

"நீ ஃபெயில்டா."

"லாரி நிக்குது ஐயா!"

"லாரி நின்னா ஃபெயிலு பாஸ் ஆயிடுமா?"

வரிசைக்குப் பின்னால் நின்ற ஒரு அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "யோவ் கிராணி, ஒரு தடவ பொய் சொன்னா உன் நாக்கு அழுகியா போயிடும்?"

கிராணி என்னைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார்.   "பொய் சொல்ல மாட்டேன். டெஸ்ட்டு வேணும்னா இப்பவே வெக்கறேன்" என்றார்.

சொல்லிவிட்டு நேராக ஆட்டிடம் போனார். டையை அவிழ்த்தார், உதறினார், கட்டிக்கொண்டார். கத்தி மாஸ்டர் ஆட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் கை கத்திப் பிடிக்குப் போனது. கிராணி அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. டெஸ்ட்டின் சட்டத்தை மலாயில் அவனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். முதல் தடவை கை உண்டு, இரண்டாவது தடவை கை இல்லை. சொல்ல வேண்டிய ஜப்பான் வார்த்தையை மட்டும் மாஸ்டரே கொடுக்கட்டும் என்றார்.

கத்தி மாஸ்டருக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். "மிஸு மொத்தே கோய்" என்றான். குடிப்பது போலக் கையை வாயருகே காட்டினான். தண்ணீர் கொண்டு வா.

ஆ சோவைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். தன் புருஷனைக் கொண்டுபோனவர்களின் சட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவள் முகத்துக்கு நேராகப் போய் நின்றேன். கவர்னர் மாதிரி பேசவில்லை. குதிக்கவில்லை. மெல்லச் சொன்னேன், கிணற்றைக் காட்டினேன், வாளியைக் காட்டினேன், என் தொண்டையைக் காட்டினேன். போனாள். தண்ணீர் வந்தது.

கையைப் பின்னால் கட்டினேன். "மிஸு மொத்தே கோய்."

ஆ சோ போனாள். குனிந்தாள். மண்வெட்டியைத் தூக்கினாள்.

 அவள் மண்வெட்டியோடு திரும்பினாள். லாரியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மண்வெட்டியை மெல்லக் கீழே சாய்த்து வைத்துவிட்டு, கிணற்றுக்குப் போய், வாளி நிறையத் தண்ணீரைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள்.

"பாகுஸ்!" என்றான் கத்தி மாஸ்டர். நல்லது என்றான். என்னை வரிசையைவிட்டு வெளியே இழுத்து நிறுத்தினான். மற்றவர்களை லாரி கொண்டுபோனது. அந்தச் சத்தம் பாதை முழுக்கக் கேட்டது. 

பிறகு கிராணியிடம் ஓடினேன். "ஐயா, இப்பத்தான் எனக்குப் புரியுது. புதுசா கேட்ட பாஷைக்கே ஆ சோ தண்ணி கொண்டுவந்துட்டா. அப்போ நாங்க எல்லாம் வந்து வந்து சொன்ன இங்கிலீஷ் அவளுக்கு எப்பவோ தெரியும் ஐயா! பாத்தி வெட்ட ஆள் வேணும்னுதான் மண்வெட்டியக் குடுத்திருக்கா!"

"தெரியும் லா."

"தெரிஞ்சுமா என்னை ஃபெயில் போட்டீங்க?"

"இங்கிலீஷ் கத்துக்கிட்டது யாரு? அவ. அதனால அவ பாஸ்." டையை அவிழ்த்து ஆட்டின் கழுத்தில் சுற்றினார். "உனக்குப் பாஸு சொன்னது ஜப்பான்காரன். என்கிட்ட இங்கிலீஷுல நீ இன்னும் ஃபெயில்தான். போ, பாத்தி பாக்கி இருக்கு."

சொல்லிவிட்டு அவர் ஆட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார். டையின் முடிச்சு அவர் கைக்குச் சிக்கவே இல்லை. 

நான் நிப்போன் பள்ளிக்கூடத்தில் டீச்சரானேன். அன்றன்றைக்குக் கற்றுக்கொண்டதை அன்றன்றைக்கே சொல்லிக் கொடுத்தேன். ஜப்பான்காரன் போவதற்கு முன்னால் கிராணிக்குக் காய்ச்சல் வந்தது. கொயினா மருந்து எங்கும் கிடைக்கவில்லை. ஆ சோ ஏதோ கசப்பு இலையைக் காய்ச்சிக்கொண்டு வந்தாள். ஒரு வாய் குடித்தார். "ஃபெயில்" என்றார். அவர் பேசியதில் நான் கேட்ட கடைசி வார்த்தை அதுதான். டையை ஆட்டின் கழுத்திலிருந்து அவிழ்த்து அவருக்குக் கட்டி அனுப்பிவைத்தோம். கட்டிப்போட ஒன்றும் இல்லாமலேயே அந்த ஆடு அவர் வீட்டு வாசலில் கிடந்தது.

சண்டை முடிந்தது. ஆ சோ ஈப்போவுக்குத் திரும்பிப்போய் மார்க்கெட்டில் காய்கறி விற்றாள். தோட்டத்துக்குப் புதுத் துரை வந்தார். சின்னப் பிள்ளைகளின் இங்கிலீஷ் வகுப்பை யார் எடுப்பது என்று கேட்டார். என்னைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்டுவிட்டு, நாளைக்கே வந்துவிடு என்றார். ஆபீசில் இருந்தவர்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

அன்று சாயங்காலம் யாரிடமும் சொல்லாமல் புகைக் கொட்டகைக்குப் பின்னால் போனேன். லாலான் புல் முட்டி உயரம் வளர்ந்திருந்தது. சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் புல்லைச் செதுக்கி, மண்ணைக் கொத்தி, ஒரு பாத்தி வெட்டினேன். மரவள்ளிக் குச்சியை ஒடித்துக் கணு மேலே பார்க்கிற மாதிரி வரிசையாக நட்டேன். கடைசிக் குச்சி கொஞ்சம் சாய்ந்து நின்றது. அதைப் பிடுங்கி நேராக நட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.