விசிலும் சாய்வு நாற்காலியும்

ஆபீஸில் தீ விபத்துப் பாதுகாப்புக்கு என்னைப் பொறுப்பாளனாகப் போட்டுவிட்டார்கள். ஆரஞ்சுச் சட்டை, கழுத்தில் விசில். நான் ஊதினால் மேனேஜரே மாடிப்படியில் விழுந்தடித்து ஓடுகிறார்! அந்த மரியாதை வீட்டிலும் வேண்டாமா?

வீட்டில் எனக்கென்று இருப்பது ஒரே ஒரு சாய்வு நாற்காலி. கால் ஆடும். துணி கிழிசல். உட்கார்ந்தால் முனகும். "அதைத் தூக்கிப் போடுங்க" என்பாள் மனைவி. "என் உயிர் இருக்கிற வரைக்கும் அது வாசல் தாண்டாது" என்பேன் நான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இதுவரை நான் தோற்றதில்லை.

ஞாயிற்றுக்கிழமை தீ ஒத்திகை என்று அறிவித்தேன்.

"விசில் அடிச்சதும் எல்லாரும் வெளியே ஓடணும். ஆளுக்கு ஒரு சாமான்தான் எடுக்கலாம்."

"எதை வேணா எடுக்கலாமா?" என்றாள்.

"எதை வேணா."

"எடுத்துட்டு வந்ததை மறுபடி உள்ள கொண்டு போகலாமா?"

"மூச்! வெளியே போனது போனதுதான். அதான் சட்டம்."

"சரிங்க."

சரிங்க! கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டறியாத வார்த்தை. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். எனக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது.

ஊதினேன். மகள் பூனையோடு பறந்து வந்தாள். பின்னாலேயே மூச்சு வாங்க என் மனைவி, தலையில் என் நாற்காலி! பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"பாத்தீங்களா சார்! நகையை விட்டுட்டா, டிவியை விட்டுட்டா, புருஷன் நாற்காலியைக் காப்பாத்திட்டா!" என்றேன் அவரிடம்.

"கொடுத்து வச்சவர் சார் நீங்க" என்றார்.

"ஒத்திகை வெற்றி!" என்று நீளமாக ஊதிவிட்டு நாற்காலியைத் தூக்கினேன். அவள் வாசற்படியில் கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க கொண்டு போறீங்க?"

"உள்ளதான்."

"வெளியே போனது போனதுதான்."

"அடியே, இது ஒத்திகை!"

"ஒத்திகையிலயே சட்டத்தை மீறினா நிஜத்துல என்ன ஆகும்? நீங்களே சொல்லுங்க சார்."

"அவங்க சொல்றது நியாயம்தான்" என்றார் எலக்ட்ரீஷியன்.

"அப்ப பூனை மட்டும் உள்ள போகுதே!"

"பூனை சாமானாப்பா?" என்றாள் மகள்.

அந்த நேரம் பார்த்து, பழைய சாமான் வண்டிக்காரர் மணியடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். தற்செயல் என்று நினைக்காதீர்கள். முதல் நாளே சொல்லி வைத்திருந்தாளாம். நாற்காலியை ஏற்றிக் கயிறு கட்டியவர் என் கழுத்தையே உற்றுப் பார்த்தார்.

"அந்த விசிலையும் சேர்த்துப் போட்டுடலாமா?" என்று கேட்டார், அவளிடம்.