பீட்ரூட் ஜூஸும் என் மேல் விழுந்த கேஸும்

மாமனாரும் மருமகனும் கடைசிவரை மரியாதையோடு இருக்க ஒரே வழிதான் உண்டு. இருவரையும் ஒரே வீட்டில் தனியாக விடக் கூடாது. கல்யாணமான நாளிலிருந்து நானும் என் மாமனாரும் இதைக் கவனமாகக் கடைப்பிடித்தோம். நான் சிதம்பரம் போனால் "வாங்க மாப்ள" என்பார். கிளம்பும்போது "பாத்துப் போங்க மாப்ள" என்பார். நடுவில் இருவரும் பேப்பர் படிப்போம். (ஒரே பேப்பர்தான், ஆளுக்குப் பாதி.) ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். யாரைப் பார்த்தாலும் இவனிடம் டிக்கெட் இருக்குமா என்பது போலவே பார்ப்பார். நடுக்கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுகூட எனக்குச் சட்டைப்பையைத் தடவத் தோன்றும்.

2011இல் இந்த ஏற்பாடு கெட்டது. என் மச்சினிக்குக் குழந்தை பிறந்து, பார்க்க வந்த உறவினர்களுக்காக சிதம்பரம் வீட்டில் வடையும் அப்பளமும் ஓயாமல் பொரிந்தன. வந்தவர்களுக்குத் துணையாக மாமனாரும் சாப்பிட, அவருடைய பிபி ஏறிவிட்டது. டாக்டர் உப்பையும் எண்ணெயையும் குறைக்கச் சொன்னார். என் மனைவி சுதா தங்கைக்கு உதவியாக அங்கேயே தங்கிக்கொண்டு, அப்பாவை மட்டும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்த எங்கள் வாடகை வீட்டுக்கு அனுப்பிவைத்தாள்.

"காலையில அவருக்குக் காப்பி குடுக்காதீங்க. பீட்ரூட்டு, கேரட்டு போட்டு ஜூஸ் அடிச்சிக் குடுங்க. பிபிக்கு நல்லதாம்" என்றாள் போனில்.

"எனக்கு ஜூஸ் போடத் தெரியாதே."

"மிக்ஸி இருக்கு, காய் இருக்கு. இதுல தெரியறதுக்கு என்னா இருக்கு?"

அன்று வரை அந்த மிக்ஸியை நான் சத்தமாகத்தான் அறிந்திருந்தேன். மறுநாள் விடிந்ததும் காய்களை நறுக்கிப் போட்டுத் தண்ணீர் ஊற்றி அரைத்து, ஒரு டம்ளரில் ஊற்றி நீட்டினேன். மாமனார் டம்ளரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒங்களுக்கு?"

எனக்கும் ஊற்றிக்கொண்டேன். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து குடித்தோம். மழையில் நனைந்த சாக்குப்பையைப் பிழிந்தால் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது.

"நல்லாருக்கு" என்றார் அவர்.

"ஆமா மாமா" என்றேன் நான்.

அடுத்த நாளிலிருந்து, "காத்தாட குடிக்கிறேன் மாப்ள" என்று டம்ளரோடு பால்கனிக்குப் போக ஆரம்பித்தார். நானும் அடுப்படியில் வேலை இருப்பதாகச் சொல்லிப் பின்தங்கினேன். (என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாத்திரம் தேய்க்கும் தொட்டி பதில் சொல்லியிருக்கும்.)

அந்தச் சனிக்கிழமை காலை திருவந்திபுரம் கோயிலுக்குப் போகலாம் என்று மாமனார் குளித்து, சலவை வேட்டி சட்டையோடு தயாராக நின்றார். நான் மிக்ஸியை ஓடவிட்டேன். பாதியில் கரண்ட் போனது. அந்த வருஷம் கரண்ட் போவது ஒரு செய்தியே இல்லை. ஆனால் பீட்ரூட் துண்டுகள் அடியில் சிக்கியிருந்தன. மூடியைத் திறந்து கரண்டியால் கிளறிவிட்டுக் கரண்டியை எடுத்தேன். சுவிட்சை அணைக்க வேண்டும் என்று ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை.

"அரைபட்டுச்சா மாப்ள?" என்று மாமனார் ஜாருக்கு மேலே குனிந்தார்.

கரண்ட் வந்தது.

ஜாரில் இருந்ததில் பெரும்பகுதி மேலே எழுந்து, சீலிங்கைத் தொட்டு, திரும்பி வரும்போது அவர்மேல் இறங்கியது. மீதி நேராகவே அவர் முகத்துக்குப் போனது. வந்த வேலை முடிந்தது போலக் கரண்ட் மறுபடி போய்விட்டது.

மாமனார் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பிறகு நிதானமாக, "சுவிட்ச்ச அணைங்க மாப்ள" என்றார். "கண்ணு எரியுது."

குழாயைத் திறந்தேன், தண்ணீர் இல்லை. முந்தின நாள் மோட்டார் போடவில்லை. இனி போடக் கரண்டும் இல்லை. கீழே வாசலில் அடிபம்பு இருந்தது. கண் திறக்க முடியாதவரைக் கையைப் பிடித்துப் படி படியாக இறக்கி அழைத்துப் போனேன். கீழே ஹவுஸ் ஓனர் மல்லிகா அக்கா கோலம் போட்டுக்கொண்டிருந்தார். தலை முதல் கால் வரை சிவப்பாக ஒரு பெரியவர், அவர் கையை இறுகப் பிடித்தபடி நான். அக்கா கோலமாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே ஓடினார். தண்ணீர் எடுத்துவரப் போகிறார் என்று நினைத்தேன்.

நான் பம்பை அடிக்க, மாமனார் முகம் கழுவினார். கண் திறந்தது. நிறம் மட்டும் போகவில்லை. அக்கா கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார்.

"பீட்ரூட் ஜூஸுக்கா. மிக்ஸி கொட்டிருச்சி" என்றேன்.

"பீட்ரூட்டா?" அக்கா வெளியே வந்தார். "நான் சுதாவுக்குப் போன் பண்ணிட்டனே தம்பி."

"என்னான்னு?"

"ஒங்க அப்பா ஒடம்பெல்லாம் ரத்தம், ஒங்க வூட்டுக்காருதான் கையப் புடிச்சி இழுத்துட்டுப் போறாருன்னு. பாத்தத்தான் சொன்னேன்."

மாடிக்கு ஓடி சுதாவைக் கூப்பிட்டேன். "அப்பாகிட்ட குடுங்க" என்றாள், வேறு ஒன்றும் பேசாமல். பின்னாலேயே ஏறி வந்த மாமனார் போனை வாங்கினார்.

"எனக்கு ஒன்னுமில்லம்மா. மாப்ள என்னை ஒன்னும் பண்ணல. அவரு நல்லவரு. நான்தான் குனிஞ்சேன்."

மிரட்டப்பட்ட மனிதர் வேறு எப்படிப் பேசுவார்? போன் என் கைக்குத் திரும்பியபோது சுதா சொன்னாள்: "கார் சொல்லியாச்சி. வந்துட்டே இருக்கோம்."

நாங்கள் இருவரும் அடுப்படியில் உட்கார்ந்தோம். மாமனார் பனியனோடு இருந்தார், பனியனும் சிவப்புதான். கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இல்லை, வெட்கமாக இருந்தது.

"மன்னிச்சிருங்க மாமா. சாமி கும்புடக் கிளம்புனவர இப்பிடிப் பண்ணிட்டேன்."

அவர் ஜாரில் மிஞ்சியிருந்ததை எட்டிப் பார்த்தார். "ஒன்னு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இது வாயில வைக்க வெளங்கல. நான் பால்கனியிலதான் ஊத்திக்கிட்டுருந்தேன்."

"நான் தொட்டியில ஊத்தினேன் மாமா."

அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தோள் குலுங்கச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்து கன்னத்துச் சிவப்பில் ஒரு கோடு இறங்கியது. பிறகு எழுந்து ஜாரைக் கையில் எடுத்தார்.

"நெல்லிக்குப்பத்துல கரும்புச் சாறு குடிச்சிருக்கீங்கல்ல? அதுல இஞ்சியும் எலுமிச்சம்பழமும் போடுவான். கரும்புக்கே அது வேணும்னா, இந்த மண்ணுருண்டைக்கு வேணாமா?"

குற்ற உணர்ச்சியில் இருந்த மல்லிகா அக்கா, கேட்டதும் இஞ்சியும் எலுமிச்சையும் கொண்டுவந்து கொடுத்தார். கரண்ட் வந்ததும் புதிதாக அரைத்தோம். மூடியை அவர் இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார். வெள்ளைத் துணியில் வடிகட்டி, எலுமிச்சை பிழிந்து, மிளகுத்தூள் தூவி, பானைத் தண்ணீர் கலந்தார். குடித்தேன். சாக்குப்பை எங்கேயோ போயிருந்தது. தித்திப்பும் புளிப்பும் காரமுமாக, தொண்டையில் இதமாக இறங்கியது. நான் கேட்காமலே இன்னொரு டம்ளர் ஊற்றினார்.

அப்போதுதான் படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. சுதா, மாமியார், பின்னால் சுதாவின் தாய்மாமன். அவர் வக்கீல் குமாஸ்தா. என்மேல் எந்தெந்தப் பிரிவு பாயும் என்று வழியெல்லாம் இரண்டு பெண்களுக்கும் விளக்கிக்கொண்டு வந்தவர். உள்ளே நுழைந்தவர்கள், சிவப்பு மீசையோடு நாங்கள் இருவரும் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து நின்றுவிட்டார்கள். சுதா அப்பாவின் நெற்றியைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்தாள். மாமியார் சீலிங்கைப் பார்த்தார். தாய்மாமன் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்குங்களா?" என்று கேட்டார்.

காரில் வரும் வழியெல்லாம் அழுதிருந்த சுதா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மாலையில் அவளும் ஒரு டம்ளர் கேட்டாள்.

மாமனார் இங்கேயே இன்னும் ஒரு வாரம் கூடுதலாகத் தங்கினார், அதுவும் தானாகவே கேட்டு. இன்று வரை கடலூரில் நானும் சிதம்பரத்தில் அவரும் காலையில் ஜூஸ் குடித்துவிட்டுத்தான் காப்பியைப் பற்றி யோசிக்கிறோம். வெள்ளைப் பூசணியில் இஞ்சி எவ்வளவு போட வேண்டும் என்று போனில் அரைமணி நேரம் வாதம் செய்கிறோம். அன்று கைக்குழந்தையாக இருந்த மச்சினி மகன் என்னைக் 'கொலைகாரப் பெரியப்பா' என்றுதான் கூப்பிடுகிறான். யாரும் அவனைத் திருத்துவதில்லை.

போன மாதம் சிதம்பரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு முன்பின் தெரியாத ஒருவரிடம், "இவருதான் எங்க பெரிய மாப்ள" என்று என்னை அறிமுகப்படுத்தினார் மாமனார்.

"ஓ, அந்த ஜூஸ் கேஸா?" என்றார் அவர்.

மாமனார் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார்:

"கேஸு இன்னும் முடியலங்க. வாய்தா போயிக்கிட்டிருக்கு."